மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

நாற்காலியை இன்னும் கொஞ்சம் இப்படி நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள், ப்ரசன்னா. அங்கே சீக்கிரம் நிழல் வந்துவிடும். குளிர்காலம் முடிகிற வரைக்கும் தில்லியில் நாங்கள் எல்லோரும் இப்படித்தான், வெயில் போகிற பக்கமெல்லாம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவோம். புனேயில் உங்களுக்கு இந்த அவஸ்தை இருக்காது.

அவர் மாடியில்தான் இருக்கிறார். மேதாவுக்குக் கைப்பயிற்சி செய்துவிடுகிற நேரம் இது. இறங்கி வர நாழியாகும். அதுவும் நல்லதுதான்.

காலையில் நீங்கள் பழக்கூடையோடு வந்து, "நீங்க ரெண்டு பேரும் இல்லேன்னா என் தங்கை கதி என்ன ஆயிருக்கும்னு நினைச்சுக்கூடப் பாக்க முடியலை" என்று சொன்னீர்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கூடையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். கொய்யா, சாத்துக்குடி, சப்போட்டா. ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினேன். அடுக்கிக்கொண்டிருக்கும்போது, உங்களிடம் சொல்லிவிடுவதுதான் முறை என்று தோன்றியது. யாருக்கும் தெரியாத ஒன்றுக்காக நன்றி வாங்கிக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. நடுவில் ஏதாவது கேட்க வேண்டுமானால் கேளுங்கள். சத்தம் மட்டும் போட வேண்டாம். மாடி வரைக்கும் கேட்கும்.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் பின்முற்றத்துக்குத் தகரக் கூரை போட்டார். ஜனக்புரியில் மற்றவர்கள் ரிடையர் ஆனால் பார்க்கில் நடப்பார்கள், பஜனைக்குப் போவார்கள். இவர் வட்ட ரம்பம் வாங்கினார். மேஜை நடுவிலிருந்து பாதி தலை நீட்டிக்கொண்டு சுழலுமே, அது. பிறகு ஒரு டிரில், ஒரு கிரைண்டர். கீர்த்தி நகர் மரக்கடைகளில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மின் நிறுவனத்தில் என்ஜினியராக இருந்தவர் அல்லவா, எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு. சமையலறைக் கதவிலிருந்து இரண்டடி தள்ளித் தரையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார்.

"மெஷின் ஓடறச்சே இதைத் தாண்டாதே. பேசாதே, கூப்பிடாதே. நின்னப்புறம் வா" என்றார்.

நான் அப்படியே இருந்தேன். காபியை எடுத்துக்கொண்டு வந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பேன். ரம்பம் நிற்கும்வரை நிற்பேன். அதற்குள் காபியில் ஆடை படிந்துவிடும். அவர் அதைக் கவனிக்காமல் குடிப்பார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. நின்றுகொண்டே பார்த்ததில் எனக்கு நிறையத் தெரிந்துபோயிற்று. எந்தக் கட்டையை எப்படித் தள்ளுகிறார், எதற்கு ரம்பத்தின் மேல் மூடி போடுகிறார், எப்போது அந்த மூடியைக் கழற்ற வேண்டியிருக்கிறது, சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது, எல்லாம். நான் பள்ளியில் கெட்டிக்காரி. கல்யாணத்துக்குப் பிறகு அதற்கு அவ்வளவாக உபயோகம் இருக்கவில்லை.

ஒருநாள் கேட்டேன். "எனக்கும் ஒரு பலகை வெட்டச் சொல்லித் தாங்கோளேன்."

"உனக்கெதுக்கு அதெல்லாம்? விரல் போயிடும்" என்றார்.

அதை நான் அன்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். என் விரல் மேல் அவருக்கு இவ்வளவு அக்கறையா என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூட. அந்தச் சந்தோஷத்தோடு நாலைந்து வருஷம் இருந்தேன்.

போன வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் உங்கள் தங்கை மாடிக்குக் குடிவந்தாள். நர்சரி ஸ்கூல் டீச்சர், தனியாக இருக்கிறாள், நம் தமிழ்ப் பெண். நானேதான் வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசி அந்த வீட்டை அவளுக்கு முடித்துக் கொடுத்தேன். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ரம்பச் சத்தம் கேட்டு இறங்கி வந்தாள். சத்தம் அதிகமாக இருக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"அங்கிள், என் கிளாஸ் பசங்களுக்குச் சின்னச் சின்ன ஸ்டூல் வேணும். கடையில வாங்கினா எல்லாம் பிளாஸ்டிக்" என்றாள்.

"பண்ணித் தரேம்மா. எத்தனை வேணும்?"

"நஹீ நஹீ, நீங்க பண்ணாதீங்க. எனக்குக் கத்துக்குடுங்க. நானே பண்றேன்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். விரல் போயிடும் என்பார். அந்தப் பெண் ஏமாந்துபோவாளே, காபி கொடுத்து அனுப்பலாம் என்றுகூட நினைத்தேன்.

அவர் சொன்னார்: "முதல்ல அந்த வளையலைக் கழட்டு."

நீங்கள் சின்னவர். கல்யாணம் ஆகாதவர். இது உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. ஒரே ஆபத்துதான். எனக்கு அது கதவைச் சாத்துகிற காரணமாக இருந்தது. அவளுக்குக் கதவைத் திறக்கிற காரணமாக ஆயிற்று. எனக்கு அவர் சொன்னது ஒரே ஒரு விதி, உள்ளே வராதே என்பது. அவளுக்கு நூறு விதி சொன்னார். சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காய் நறுக்குகிற நேரத்தில் அவர் குரல் வந்துகொண்டே இருக்கும்.

"துப்பட்டாவை எடுத்து அங்க மாட்டு. முடியைத் தூக்கிக் கட்டு. கழுத்துல ஒரு இழைகூடத் தொங்கப்படாது. கையை முழங்கை வரைக்கும் மடிச்சு விடு. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோ. இரு, இரு, நான் சரி பண்றேன். ரம்பத்துக்கு நேரா நிக்காதே, கட்டை திரும்பி எறிஞ்சா வயத்துல அடிக்கும். இப்படி, கொஞ்சம் என் பக்கம் தள்ளி நில்லு."

அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள், ப்ரசன்னா. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

அவர்களுக்குள் தப்பாக ஒன்றும் இல்லை. அதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், உங்கள் தங்கை பெயருக்கு ஒரு களங்கமும் வரக் கூடாது. அவளுக்கு அவர் அப்பா மாதிரி, அவருக்கு அவள் பெண் மாதிரி. தப்பாக ஏதாவது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்கு ஒரு பெயர் உண்டு. நாலு பேரிடம் சொல்லி அழலாம், பெங்களூரில் இருக்கிற எங்கள் பெண் பட்டு உடனே விமானம் ஏறி வந்திருப்பாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? என் கணவர் ஒரு பெண்ணின் விரல்கள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று மிகவும் கவலைப்படுகிறார் என்றா?

டிசம்பரில் குளிர் பிடித்துக்கொண்டது. கூரைக்குக் கீழே வெயில் வராது. மேதாவின் விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. நான் ஒரு ஜோடி கம்பளிக் கையுறை பின்னிக் கொடுத்தேன், ரோஸ் நிறத்தில். "ஸோ ஸ்வீட் ஆன்ட்டி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். போட்டுக்கொண்டு நேரே உள்ளே போனாள். டிரில்லில் ஓட்டை போடக் கையை நீட்டுவதற்குள் அவர் ஓடிவந்து மெயினையே அணைத்துவிட்டார்.

"மெஷின்கிட்டக் கையுறை போடவே கூடாதும்மா. ஒரு நூல் மாட்டிண்டாப் போறும். கையுறை விரலைக் காப்பாத்தாது, விரலைக் கூட்டிண்டு போயிடும்."

சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்து அந்தக் கையுறையை விரல் விரலாக இழுத்துக் கழற்றினார். முதலில் சுண்டு விரல், அப்புறம் மோதிர விரல். நான் பின்னிய கையுறை. மருதாணி இட்ட என் கல்யாணக் கையைக்கூட அவர் அப்படிப் பிடித்ததில்லை. பந்தலில் ஊரே பார்க்கிறது என்ற கூச்சத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே அக்கினியைச் சுற்றி வந்தார்.

கையுறை ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

பொங்கலுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் போய் வந்தேன். கரும்பு, மஞ்சள் கொத்து, நல்ல மல்லிகைச் சரம். மேதா பொங்கல் சாப்பிட வந்தாள். உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் தடவி, தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டு, சரத்தைத் தொங்கத் தொங்க வைத்துவிட்டேன். இடுப்பு வரைக்கும் வந்தது. "அம்மா ஞாபகம் வருது ஆன்ட்டி" என்றாள். அப்படியே பின்முற்றத்துக்குப் போனாள், முந்தின வாரம் பாதியில் விட்ட ஸ்டூல் காலைப் பார்க்க. முடியைக் கட்டிக்கொள் என்று நான் சொல்லவில்லை. பண்டிகை நாளில் பூ வைத்த தலையைப் பற்றி அப்படியெல்லாம் சொல்லக் கூடாது.

அவர் பார்த்துவிட்டார். திட்டவில்லை. சிரித்துக்கொண்டே தன் தலையிலிருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றி, பின்னலைச் சுருட்டி உள்ளே செருகி, அவள் தலையில் மாட்டிவிட்டார். அந்தக் குல்லாய் நான் வாங்கிக் கொடுத்தது. தலை அரிக்கிறது என்று எனக்காக ஒருநாளும் போட்டதில்லை. பட்டறைக்குள் மட்டும் போட்டுக்கொள்வார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தத் தடவை எனக்குத் தெரியும். பின்னலைப் பற்றித்தான் சொல்கிறேன். தெரிந்துதான் போட்டேன். ஆனால் ஒன்றும் ஆகவில்லையே. ஒன்றும் ஆகாத காரியத்துக்கு யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் நடந்தது நிஜமாகவே கைதவறுதல். பொங்கல் விடுமுறைக்குப் பட்டு அனுப்பிய புது டம்ளரில் காபி கொண்டுபோனேன். அன்று மேதாதான் ரம்பத்தில் பலகையைத் தள்ளிக்கொண்டிருந்தாள், அவர் பக்கத்தில் நின்றிருந்தார். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. கால் மரத்துவிட்டது. என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"ஏன்னா, காபி ஆறிப்போறது."

கூப்பிட்டது அவரை. திரும்பியது அவள். உங்கள் தங்கைக்கு அப்படி ஒரு சுபாவம், கவனித்திருப்பீர்கள். பெரியவர்கள் குரல் கேட்டால் தலையை மட்டும் திருப்ப மாட்டாள், உடம்போடு திரும்புவாள். நல்ல வளர்ப்பு. பலகை ரம்பத்தில் கோணிக்கொண்டு, அப்படியே பின்பக்கம் பறந்து தகரத்தில் போய் அடித்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அறிவிருக்கா வத்சலா உனக்கு? எத்தனை வருஷமாச் சொல்றேன்?" என்று அவர் கத்தினார். கத்திவிட்டு அவள் கையை வாங்கி உள்ளங்கை, புறங்கை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். டம்ளரிலிருந்த காபி என் கையில் கொட்டியிருந்தது. நான் அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

"ஆன்ட்டி பாவம் அங்கிள், விடுங்க" என்றாள் மேதா.

எனக்காக அவரிடம் பரிந்து பேசினாள். அவள். என் வீட்டில், என் கணவரிடம்.

அதற்குப் பிறகு அவர் அவளுக்கு ஒரு புதுப் பாடம் ஆரம்பித்தார். யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. முதலில் கையை எடு, பிறகு மெஷினை நிறுத்து, அப்புறம்தான் திரும்பு. அது அவளுக்குப் பழக வேண்டும் என்று ரம்பத்தை ஓடவிடாமல், சும்மா ஒரு கட்டையை அதன்மேல் தள்ளச் சொல்லிவிட்டு, பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பார். நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன்.

"மேதா!"

திரும்பிவிட்டாள் போலிருக்கிறது. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"மறுபடியும். மேதா! ... மேதா, இங்க பாரு! ... மேதா, பூகம்பம்!"

"அங்கிள், சீட்டிங்!"

"மேதா, உன் பிரின்சிபல் வந்திருக்கா! ... மேதா, ஆன்ட்டி அல்வா கொண்டுவந்திருக்கா! ... சபாஷ். இப்பத் திரும்பலை பாரு. மேதா! ... மேதா!"

மாவு பிசைந்து முடிகிற வரைக்கும் அந்தப் பெயர் வந்துகொண்டே இருந்தது. என்னை அவர் 'இந்தா' என்பார், 'கேட்டியா' என்பார். வத்சலா என்று சொல்வது கோபம் வந்தால் மட்டும்தான். என் பெயரை அவர் வாயால் கேட்க வேண்டுமானால் நான் ஏதாவது தப்புச் செய்ய வேண்டும். இதையெல்லாம் பொறாமை என்று நீங்கள் நினைக்கலாம். நான் பொறாமைக்காரி இல்லை. என் தங்கைக்கு என் நகையில் பாதியைக் கொடுத்தவள் நான். எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டொரு வாரத்தில் அவள் தேறிவிட்டாள். அவர் என்ன கத்தினாலும் திரும்புவதில்லை. கையை எடுப்பாள், நிறுத்துவாள், பிறகு மெதுவாகத் திரும்பிச் சிரிப்பாள். அவர் பெருமையோடு என்னிடம் வந்து சொன்னார். "இனிமே இவளை எதுவும் அசைக்க முடியாது. எல்லாத்தையும் சொல்லிப் பாத்துட்டேன்."

எல்லாவற்றையும் அவர் சொல்லிப் பார்க்கவில்லை. ஒன்றை விட்டுவிட்டார். அது அவருக்குத் தோன்றவே தோன்றாது. தன்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொள்கிற மனிதர் இல்லை அவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மூடுபனி. எதிர்வீட்டு வேப்பமரம்கூடத் தெரியவில்லை. ஸ்டூல் கால்களில் பள்ளம் வெட்டுகிற வேலை என்று முந்தின நாளே பேசிக்கொண்டார்கள். கட்டையை முழுக்க அறுக்காமல் பாதி ஆழத்துக்கு வெட்டுவது. அந்த வேலைக்கு ரம்பத்தின் மேல் மூடி இருக்க முடியாது, கழற்றியாக வேண்டும். இதை நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று நின்று தெரிந்துகொண்டது என்று சொன்னேனே. கை ரம்பத்தின் அருகே போகாமல் கட்டையைத் தள்ள அவர் ஒரு மரக்குச்சி செய்து வைத்திருந்தார், பிடி வைத்தது. அதைக் காலையில் பட்டறை பெருக்கும்போது எடுத்துவந்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் குச்சி எங்கே போயிற்று என்று அவர் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார். தானே எங்கேயோ வைத்துவிட்டதாக நினைக்கிறார்.

பட்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த நேரத்தில் போன் செய்வாள். போனைக் கொண்டுபோய்க் கோட்டருகில் நின்று காட்டினேன். அவர்கள் அப்போதுதான் ஒரு ஸ்டூல் காலை முடித்திருந்தார்கள். ரம்பம் நின்றிருந்தது.

"நீ பேசிட்டு வாங்க அங்கிள், இது ஒண்ணுதான் பாக்கி. நான் முடிச்சுடறேன்" என்றாள். அவளுக்கு 'நீ'யும் 'நீங்க'ளும் சில சமயம் குழம்பும். எனக்கு அன்றைக்கு அது குழப்பமாகக் கேட்கவில்லை.

அவர் யோசித்தார். "தள்ளற குச்சியைக் காணுமே... சரி, வேற ஏதாவது துண்டுக் கட்டையை வெச்சுத் தள்ளு. ஜாக்ரதை" என்று சொல்லிவிட்டு வாசல் அறைக்குப் போனார். அங்கே போனால்தான் ரம்பச் சத்தத்தில் பட்டு பேசுவது காதில் விழும்.

அவள் ரம்பத்தை ஓடவிட்டாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, துண்டுக் கட்டை எதுவும் சரியாக அகப்படாமல், கையாலேயே தள்ளத் தொடங்கினாள். கண்ணாடி போட்டிருந்தாள், கையை மடித்துவிட்டிருந்தாள், தலையில் அவர் குல்லாய். எல்லாம் முறைப்படி. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நான் எப்போதும் நிற்கிற இடம்.

சத்தத்துக்கு மேலே கேட்கிற அளவுக்குத்தான் குரலை உயர்த்தினேன்.

"மேதா, அங்கிள் விழுந்துட்டார்."

இதை நீங்கள் நியாயமாகப் பார்க்க வேண்டும். கையை எடு, நிறுத்து, திரும்பு. இரண்டு வாரம் அவர் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்திருந்தார். அதன்படி செய்திருந்தால் அவளுக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. திரும்பி, "எங்கே ஆன்ட்டி?" என்று கேட்டிருப்பாள், நான் "இல்லை, ஏதோ சத்தம் கேட்டது" என்று சொல்லியிருப்பேன். அவள் வெறும் மாணவிதான், அவர் வெறும் வாத்தியார்தான் என்று எனக்கு நிம்மதியாகியிருக்கும். அன்றைக்கு மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டிருப்போம். வத்தக்குழம்பு வைத்திருந்தேன். நான் ஒரு கேள்வி கேட்டேன், பதிலை அவள்தான் சொன்னாள்.

அவள் கையை எடுக்கவில்லை. திரும்பினாள். உடம்போடு. அந்த முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவருக்காக என் முகம் அப்படி ஆனது உண்டா என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அவருக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோதுகூட நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தேன்.

மெஷின் ஓடும்போது கோட்டைத் தாண்டியது அன்றைக்குத்தான் முதல் தடவை. நேராகப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அவள் கையில் துண்டை இறுக்கிச் சுற்றினேன். பிறகு அவரைக் கூப்பிட்டேன். அவர் போனோடு ஓடிவந்தார், அதில் பட்டு "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டே இருந்தாள். விழுந்து கிடந்ததைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை ஐஸ் நிரப்பிய டப்பாவில் வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத்தான் தோன்றிற்று. அதனால்தான் ஒரு விரலையாவது ஒட்டவைக்க முடிந்தது என்று டாக்டர் என்னைப் பாராட்டினார். நீங்களும் காலையில் அதற்காகத்தான் என் காலைத் தொட்டீர்கள்.

காரில் அவர் ஓட்டினார். பின்ஸீட்டில் மேதா என் மடியில் படுத்திருந்தாள். மூடுபனியில் ஹாரனை அடித்துக்கொண்டே போனார். பாதி வழியில் அவள் கண்ணைத் திறந்து மெதுவாகக் கேட்டாள்.

"அங்கிள் எங்கே விழுந்தார், ஆன்ட்டி?"

"பேசாதேம்மா" என்றேன்.

அவள் முன்ஸீட்டைப் பார்த்தாள். அவருடைய பின்தலையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து கேட்டபோது, "கைசே ஹுவா, குச் யாத் நஹீ" என்று சொன்னாள். எப்படி ஆயிற்று என்று ஒன்றும் ஞாபகமில்லையாம். உங்களிடமும் அதைத்தான் சொல்லியிருப்பாள், ரம்பச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான் ஞாபகம் என்று. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. எனக்காக மறைக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். ஒரு நாள், இரண்டு நாள் அவளிடம் நன்றியாகக்கூட இருந்தேன். அப்புறம் புரிந்தது. எனக்காக இல்லை. தெரிந்தால் அவர் தாங்க மாட்டார் என்று அவருக்காக மறைக்கிறாள்.

அவரோ எல்லாம் தன் தப்பு என்கிறார். தனியாக விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாது, குச்சியைத் தேடாமல் போயிருக்கக் கூடாது, மூடியைக் கழற்றிய ரம்பத்தில் போனுக்காக விட்டேனே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். மெஷின்களை வந்த விலைக்குப் பழைய சாமான் வாங்குகிற கபாடிக்காரனுக்குப் போட்டுவிட்டார். பட்டறை காலி. நான் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், பேசலாம். ஒருநாள் போய் நடுவில் நின்று பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

இப்போது தினமும் மாடிக்குப் போகிறார். ஒட்டவைத்த விரல் விறைத்துப்போகாமல் இருக்க, ஒவ்வொரு விரலாகப் பிடித்து மடக்கி நிமிர்த்த வேண்டும் என்று பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் அவரிடம்தான் காட்டிக்கொடுத்தார். அவள் கையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு செய்கிறார். வலித்தால் நிறுத்துகிறார். ஊதிவிடுகிறார். நான் பார்த்திருக்கிறேன். முன்பாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலை" என்று அவரிடம் சொன்னேன். நிஜத்தைத்தான் சொன்னேன். "உனக்குப் புரியாது" என்றார்.

அவரிடமே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன். சொன்னால் அவர் என்னை விட்டு எழுந்து போவார். மாடிக்குத்தான் போவார். வேறே எங்கே போவார்?

காலையில் நீங்கள் அவரிடம் சொன்னீர்கள், ஆஸ்பத்திரி இங்கே இருக்கிறது, அங்கிளும் இருக்கிறார், கோடை முடியும்வரை மேதா இங்கேயே இருக்கட்டும், அவளுக்கும் அதுதான் இஷ்டம் என்று. அவர் முகம் எப்படி ஆயிற்று, பார்த்தீர்களா? ஒரு மாதமாக அந்த மனிதர் சிரிக்கவில்லை. சிரித்தார். நான் அப்போது உள்ளே பழம் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் எல்லாவற்றையும் சொன்னேன். செய்ததற்கு எனக்கு வருத்தம் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். போலீஸில் சொல்வதானாலும் சொல்லுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பழி என்னுடையது. அதை அவர் தூக்கிக்கொண்டு தினமும் மாடிப்படி ஏறுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் அவளுக்குக் கடன்பட்டவர் இல்லை. அவர்களுக்கு நடுவில் இருப்பது என் காரியம், அவருடையது இல்லை.

எழுந்துகொள்ளாதீர்கள், இன்னும் ஒன்றுதான். மேதாவை இன்றைக்கே உங்களோடு அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். அவளுடைய துணிமணிகளை நானே எடுத்து வைத்துத் தருகிறேன். எனக்காக இதைக் கேட்கவில்லை, ப்ரசன்னா, அவள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். மிச்சமிருக்கிற விரல்களாவது பத்திரமாக இருக்கட்டும்.